கைக்குத் தெரிந்த பட்டன், கண்ணைக் கேட்கும் திரை

நவம்பர் மாத ராத்திரி ஒன்றில் அக்காவின் புது காரை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். திண்டிவனம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முன் கண்ணாடி உள்பக்கமாக மங்க ஆரம்பித்தது. ஏசிக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் போதும், ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். என் பழைய காராக இருந்தால் கை தானாகவே போய் நடுத் திருகை வலது ஓரம்வரை திருப்பியிருக்கும்.

இந்தக் காரில் திருகு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய தொடுதிரை. அதில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் சின்னதாக ஒரு விசிறிப் படம். அதைத் தொட்டால் ஏசிப் பக்கம் திறக்கும். அதற்குள் நாலைந்து படங்கள், அவற்றில் ஒன்று கண்ணாடிக்கானது. முதல் தடவை விரல் பட்டும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கி, விரல் நகர்ந்து, பாட்டு மாறிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு நான் நினைத்ததைவிட ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

"தம்பி, நீ ரோட்டைப் பாரு. நான் தேடறேன்" என்றாள் அக்கா. அவளுடைய கார்தான். அவளுக்கும் நேரம் பிடித்தது.

அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிவப்பு விளக்கு மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு பட்டனை எடுத்துவிட்டுத் திரையை வைத்ததில் என்ன மாறிப்போனது? அதை முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கண்ணுக்கு ஒரே நேரத்தில் ஒரே வேலை

கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். விரல் நகத்தைப் பாருங்கள். நம் கண் ஒரு நேரத்தில் எழுத்து படிக்கும் அளவுக்குத் தெளிவாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அளவு வட்டத்தைத்தான். மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கல்தான். கண் ஓயாமல் அங்கும் இங்கும் ஓடி ஓடி மூளைக்கு ஒரு முழுப் படத்தைக் கட்டிக் கொடுப்பதால், எல்லாமே தெளிவாகத் தெரிவதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

அப்படியானால், திரையில் ஒரு சின்னப் படத்தைத் தேடும்போது சாலை அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஓரக்கண்ணுக்கு ஏதோ அசைவது தெரியும். முன்னால் போகும் வண்டி மெல்ல மெல்ல வேகம் குறைப்பது தெரியாது.

வயதானவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். நாற்பது வயதுக்கு மேல் பலருக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். தூரத்துச் சாலை நன்றாகத் தெரியும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சின்ன எழுத்து தெரியாது. அவர்கள் திரையைப் பார்ப்பது ஒரு பார்வையில் முடியாது. பார்வையைக் கிட்டத்துக்கு இழுத்து, உற்றுப் பார்த்து, மறுபடி தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கார்க் கம்பெனிகள் இதைப் பற்றிப் பேசுவது எனக்குப் போதவில்லை. புது கார் வாங்கும் வசதி வரும் வயதும் வெள்ளெழுத்து வரும் வயதும் பல வீடுகளில் ஒன்றுதான்.

இப்போது பட்டனுக்கு வருவோம். கரண்ட் போன இருட்டில் அம்மா சமையலறைக்குப் போய் நேராகத் தீப்பெட்டியை எடுக்கிறாள். டவுன் பஸ் டிரைவர் கியர் கம்பியைக் குனிந்து பார்ப்பதே இல்லை. பழைய பட்டன் போனில் 5-ம் எண் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். அதை வைத்து, பார்க்காமலேயே மெசேஜ் அடித்தவர்கள் நாம்தான். இந்த மூன்றிலும் நடப்பது ஒன்றே. பொருள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது. அதற்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. தொட்டால் இதுதான் அது என்று கை சொல்லிவிடுகிறது. அழுத்தினால் 'டக்' என்று வேலை முடிந்த செய்தியும் விரலுக்கே வந்துவிடுகிறது. கண்ணுக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

தொடுதிரை இந்த நான்கையும் எடுத்துவிடுகிறது. இடம் நிலையில்லை, ஏனென்றால் பக்கம் மாறினால் படமும் மாறும். வடிவம் இல்லை, எல்லாம் ஒரே வழவழப்பு. தடவித் தேடவும் முடியாது, விரல் பட்டாலே அது அழுத்தியதாகிவிடும். வேலை நடந்ததா என்று தெரிய மறுபடி பார்க்க வேண்டும். ஆக, கை செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் கண்ணின் தலையில் விழுகிறது. ஓட்டும்போது கண்ணுக்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கிறது.

திருகில் இன்னொரு வசதியும் உண்டு. அதைப் பிடித்துக்கொள்ளலாம். குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி குலுங்கினாலும் திருகைப் பிடித்த விரல் திருகோடு சேர்ந்தே குலுங்கும். திரைக்கு முன்னால் நீட்டிய விரலுக்கு எந்தப் பிடிமானமும் இல்லை.

இரண்டு நொடி என்றால் எவ்வளவு தூரம்?

வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் ஒரு நொடியில் வண்டி எத்தனை மீட்டர் போகிறது என்பது கிடைக்கும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர், அதாவது வரிசையாக நிறுத்திய மூன்று பஸ்களின் நீளம். பைபாஸில் 100-ல் போனால் அதுவே 55 மீட்டரைத் தாண்டும். அவ்வளவு தூரத்தையும் பார்க்காமல் கடக்கிறோம்.

ஏன் இரண்டு நொடியைச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வரும் கணக்கு அது. காரில் இருக்கும் எந்தக் கருவியும் ஒரு தடவைக்கு இரண்டு நொடிக்கு மேல் பார்க்க வைக்கக் கூடாது, ஒரு வேலை முடிய மொத்தம் 12 நொடிக்கு மேல் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வைக்கக் கூடாது என்றது அந்த வழிகாட்டுதல். அதற்கு முன்பு அமெரிக்காவில் 100 கார்களில் கேமரா பொருத்தி, மக்கள் அன்றாடம் ஓட்டுவதை அப்படியே பதிவுசெய்து பார்த்த ஆய்வு ஒன்று இருந்தது. இரண்டு நொடிக்கு மேல் கண் சாலையை விட்டு விலகினால் விபத்துக்கோ மயிரிழையில் தப்புவதற்கோ உள்ள வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று அதில் தெரியவந்தது. ஆனால் அந்த வழிகாட்டுதல் சட்டமில்லை. கம்பெனிகள் விருப்பப்பட்டால் கடைப்பிடிக்கலாம், அவ்வளவுதான்.

சரி, நிஜமான கார்களில் எவ்வளவு நேரம் ஆகிறது? இதற்கு நான் பார்த்ததிலேயே தெளிவான பதிலைத் தந்தது சுவீடனின் கார்ப் பத்திரிகையான வி பிலகாரே. 2022-ல் அவர்கள் ஒரு விமான ஓடுதளத்துக்கு 11 புதிய கார்களையும், அவற்றோடு 2005-ம் வருடத்து வோல்வோ வி70 ஒன்றையும் கொண்டுபோனார்கள். அந்தப் பழைய வண்டியில் தொடுதிரையே கிடையாது, எல்லாம் பட்டன்தான். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே டிரைவர் நாலு வேலைகளைச் செய்ய வேண்டும். சீட் ஹீட்டரைப் போட்டு, வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டி, கண்ணாடிப் பனியைப் போக்கும் காற்றைத் திறப்பது முதல் வேலை. ரேடியோவைப் போட்டுக் குறிப்பிட்ட ஒரு நிலையத்தை வைப்பது அடுத்தது. பிறகு ட்ரிப் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். கடைசியாக, மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்து நடுத்திரையை அணைக்க வேண்டும். ஓட்டியவர்களுக்கு அந்தந்தக் காரின் அமைப்பைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள்.

பதினேழு வருடப் பழசான வோல்வோவில் நாலு வேலையும் 10 நொடியில் முடிந்தன. அதற்குள் வண்டி போன தூரம் 306 மீட்டர். டெஸ்லா மாடல் 3-ல் 23.5 நொடி, 717 மீட்டர். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸில் 30.4 நொடி, 928 மீட்டர். கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் 44.9 நொடி எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அது 1,372 மீட்டர் ஓடியிருந்தது. ஒரே வேலைகள்தான், நாலரை மடங்கு நேரம்.

விலையைப் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது என்பதும் அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் மலிவான கார்களில் ஒன்றான டாசியா சாண்டெரோ 13.5 நொடியில் முடித்துவிட்டது. தொடுதிரையை நம்பியே வடிவமைத்த புதிய வோல்வோ சி40-யும் 13.7 நொடியில் முடித்தது. ஆகவே திரை என்றாலே மோசம் என்று சொல்லிவிட முடியாது. பக்கங்களைக் குறைத்து, படங்களைப் பெரிதாக்கி, அடிக்கடி தேவைப்படுவதை மேலேயே வைத்தால் திரையும் கொஞ்சம் திருந்தும். இது நேரத்தை அளந்த சோதனை, விபத்துகளை எண்ணிய சோதனை இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

நேரத்தைத் தாண்டி, மனம் எவ்வளவு மந்தமாகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2020-ல் பிரிட்டனின் ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் அமைப்புக்காக டிஆர்எல் என்ற போக்குவரத்து ஆய்வுக்கூடம், ஓட்டும் அனுபவத்தைத் தரும் சிமுலேட்டரில் ஆட்களை உட்கார வைத்துப் பார்த்தது. சாலையில் நடக்கும் ஒன்றுக்கு டிரைவர் எதிர்வினை காட்டும் நேரம், போனில் இருப்பதைக் கார்த் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளேயைத் தொட்டுப் பயன்படுத்தும்போது 57 சதவீதமும், அதே மாதிரியான ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தொட்டுப் பயன்படுத்தும்போது 53 சதவீதமும் கூடியது. போனில் மெசேஜ் அடித்துக்கொண்டே ஓட்டினால் 35 சதவீதம், சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை குடித்திருந்தால் 12 சதவீதம் என்று அதே ஆய்வுக்கூடத்தின் முந்தைய ஆய்வுகளில் வந்திருந்தது. வாயால் சொல்லி இயக்கும் முறையில்கூட 30-லிருந்து 36 சதவீதம்வரை தாமதம் இருந்தது. கண் சாலையில் இருந்தாலும் மனம் வேறு எங்கோ இருக்கிறது. கவனச் சிதறலைக் கண், கை, மனம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். தொடுதிரை மூன்றையும் ஒரே நேரத்தில் இழுக்கிறது.

வானத்திலும் கடலிலும் படித்த பாடம்

இது கார்க்காரர்களுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானிகள் சிலர், தரையிறங்கிய பிறகு இறக்கையின் பின் ஓரத்தில் இறக்கிவிட்டிருந்த மடிப்பைத் (ஃப்ளாப்) தூக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட்டு, விமானத்தை வயிற்றோடு தரையில் உட்கார வைத்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் உள்ளே போய்ப் பார்த்தார். இரண்டு வேலைக்கும் ஒரே மாதிரியான விசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் சொன்ன தீர்வு மிக எளிது. சக்கரத்துக்கான பிடியில் ரப்பர்ச் சக்கரம் போன்ற ஒரு உருண்டை, மடிப்புக்கான பிடியில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு. களைத்துப்போன விமானி இருட்டில் கையை வைத்தாலும் எது எது என்று தெரிந்துவிடும். இன்றைக்கும் பெரிய விமானங்களில் தரையிறங்கு சக்கரத்துக்கான பிடியின் முனை சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. விமானியைத் திட்டவில்லை, பிடியை மாற்றினார்கள்.

கடல் கதை துயரமானது. 2017 ஆகஸ்ட் 21 அதிகாலை சிங்கப்பூருக்கு அருகே யுஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி, 10 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலில் திசையையும் வேகத்தையும் தொடுதிரை வழியாக மாற்றலாம். திரையில் கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றும்போது குழப்பம் வந்தது. இரண்டு பக்க உந்துதண்டுகளின் வேகத்தையும் ஒன்றாகக் குறைப்பதாக நினைத்து ஒரு பக்கத்தை மட்டும் குறைத்திருக்கிறார்கள். கப்பல் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் களைப்பும் அதில் சேர்ந்திருந்தன. ஆனால் நெம்புகோல்களாக இருந்திருந்தால் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருப்பது கைக்கே தெரிந்திருக்கும். 2019-ல் அமெரிக்கக் கடற்படை அந்த வகைக் கப்பல்களில் வேகத்துக்கான தொடுதிரையை எடுத்துவிட்டுக் கையால் தள்ளும் நெம்புகோலுக்கே திரும்ப முடிவு செய்தது.

அப்புறம் ஏன் எல்லாக் காரிலும் திரை?

கார்த் தொடுதிரை புதிது இல்லை. 1986-லேயே ப்யூக் ரிவியரா என்ற அமெரிக்கக் காரில் பழைய டிவி மாதிரியான கண்ணாடிக் குழாயில் பச்சை எழுத்தோடு தொடுதிரை வந்தது. ஓட்டியவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1990 மாடலில் எடுத்துவிட்டார்கள். 2012-ல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்த பிறகுதான் எல்லாக் கம்பெனிகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன.

காரணம் அழகு மட்டும் இல்லை, பணமும்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் தனி அச்சு, தனி வயர், தனிச் சோதனை வேண்டும். திரையில் ஒரு படத்தைச் சேர்க்க மென்பொருள் போதும். தவறு இருந்தால் பிறகு அப்டேட் அனுப்பித் திருத்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2018 மே முதல் புதுக் கார்கள் அனைத்திலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயமானது. கேமராவுக்கு ஒரு திரை எப்படியும் வேண்டும். வைத்த திரையிலேயே ஏசியையும் போட்டுவிட்டால் செலவு மிச்சம்.

பட்டன் படம் வரைந்த பளபளப்பான பலகைகளையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அவை திரை இல்லைதான், ஆனால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. நம் ஊரில் 2014-ல் வந்த ஹோண்டா சிட்டியின் உயர்ந்த வகைகளில் ஏசிக்கு அப்படி ஒரு தொடுபலகை இருந்தது. 2020-ல் வந்த அடுத்த தலைமுறை சிட்டியில் ஹோண்டா மறுபடி திருகுகளுக்கே வந்துவிட்டது.

திரும்பி வருவது அவர்கள் மட்டும் இல்லை. ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் 8, ஐடி.3 கார்களில் ஒலியையும் வெப்பத்தையும் மாற்றத் தொடுபட்டை வைத்தார்கள். ராத்திரியில் அதற்கு வெளிச்சம்கூட இல்லை. வாங்கியவர்கள் வருடக்கணக்கில் புலம்பினார்கள். 2025-ல் அந்தக் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட், ஒலி, இரண்டு பக்க வெப்பம், காற்று வேகம், ஆபத்து நேரத்தில் எல்லா இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்ன வைக்கும் ஹசார்ட் விளக்கு ஆகிய ஐந்துக்கும் இனி நிஜப் பட்டன் இருக்கும் என்று அறிவித்தார். மாஸ்டா 2019-ல் மாஸ்டா 3 காரில் தொடுதிரையையே எடுத்துவிட்டது. திரையை எட்டித் தொடும்போது டிரைவர் தன்னை அறியாமல் ஸ்டீயரிங்கையும் லேசாகத் திருப்பிவிடுகிறார் என்று அவர்களுடைய சோதனையில் தெரிந்ததுதான் காரணம். வருத்தம் என்னவென்றால், 2025-ல் காட்டிய புது சிஎக்ஸ்-5 காரில் அதே மாஸ்டா பெரிய தொடுதிரைக்கு வந்துவிட்டது.

சட்டமும் மெல்ல எட்டிப் பார்க்கிறது. ஜெர்மனியில் ஒருவர் பலத்த மழையில் டெஸ்லாவின் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய், வண்டி சாலையைவிட்டு இறங்கி மரங்களில் மோதியது. 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் ஓட்டத் தடையும் விதித்தார்கள். 2020 மார்ச்சில் கார்ல்ஸ்ரூ மேல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வண்டியோடு சேர்ந்து வந்த திரையாக இருந்தாலும் அதுவும் ஒரு மின்னணுக் கருவிதான், சாலைக்கும் வானிலைக்கும் ஏற்ற சுருக்கமான ஒரு பார்வைக்கு மேல் அதற்கு அனுமதி இல்லை என்பது தீர்ப்பின் சாரம். தண்டனை டிரைவருக்கு. மழையில் வைப்பரை மெனுவுக்குள் தேட வைத்த வடிவமைப்புக்கு ஒன்றும் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தக் குறையைக் கொஞ்சமாவது சரிசெய்வது ஐரோப்பாவின் யூரோ என்கேப். கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பு அது. 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் இயக்கும் பட்டனோ கம்பியோ இல்லாத கார் மதிப்பெண்ணை இழக்கும். ஐந்து நட்சத்திரம் வாங்குவது கடினமாகிவிடும். தடை இல்லை, ஆனால் நட்சத்திரத்தைக் காட்டித்தான் கார் விற்கிறார்கள் என்பதால் வடிவமைப்பாளர்கள் காதில் இது விழும்.

திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேப் பார்க்கத் திரையைவிட நல்லது எதுவும் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் குழந்தையைக் காட்டுவதும் அதுதான். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றும் அமைப்புகளெல்லாம் அதற்குள் இருக்கட்டும். வண்டி ஓடும்போது திடீரென்று தேவைப்படுகிற வைப்பர், கண்ணாடிக்கான காற்று, ஹசார்ட், ஒலி, ஏசி ஆகியவை மட்டும் கைக்கு எட்டும் பட்டனாக இருக்க வேண்டும்.

ஏற்கனவே திரைக் கார் வைத்திருப்பவர்கள், கிளம்பும் முன்பே ஏசியை ஆட்டோவில் போட்டு, மேப்பில் ஊரைத் தட்டிவிட்டுப் புறப்படலாம். ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டன்கள் என்னென்ன செய்யும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்தி வைத்துப் பழகலாம். பலருக்கு அதில் பாதி தெரியாது. பக்கத்தில் ஆள் இருந்தால் திரை அவர்கள் பொறுப்பு. மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஓரம் கட்டுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, ஹசார்ட், வைப்பர், கண்ணாடிக்கான காற்று என்று ஒவ்வொன்றாகக் கையால் தேடிப் பாருங்கள். அந்த மழைக்கு அடுத்த ஞாயிறு, வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரில் அக்காவை அப்படி உட்கார வைத்தேன். ஹசார்ட் பட்டனும் வைப்பர் கம்பியும் உடனே கிடைத்தன. கண்ணாடிக்கான காற்றைத் தேடிப் போன கை திரையின் மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் எஃப்எம் ரேடியோ சத்தமாகப் பாட ஆரம்பித்தது. அக்கா கண்ணைத் திறந்தாள்.